400/5 வேண்டாம் என்பது பாதி உண்மைதான்: மீட்டருக்கு ஒரு சி.டி. தேர்வு

ஒரு பேனல். பிரேக்கர் 400 ஆம்பியர், கேபிளும் அதற்கேற்ற தடிமன். ஆனால் அதில் உண்மையில் ஓடுகிற கரண்ட் வேறு. பகலில் பத்து மணி நேரம் சராசரியாக 100 ஆம்பியர். எல்லா இயந்திரங்களும் ஒன்றாக ஓடினால் 170. இரவிலும் விடுமுறையிலும் வெறும் 6. பவர் ஃபேக்டர் (மின்னழுத்தத்துக்கும் கரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் காஸ் மதிப்பு) 0.8 பக்கத்தில் நிற்கிறது. இதற்கு உள்கணக்குக்காக ஒரு யூனிட் மீட்டர் வைக்க வேண்டும். பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அதை 25 மீ. தள்ளி அலுவலக அறைச் சுவரில் மாட்டச் சொல்கிறார்கள். (தூரத்தை அளக்கும் மீட்டரும் மின்சாரத்தை அளக்கும் மீட்டரும் தமிழில் ஒரே எழுத்து. குழம்பாமல் இருக்க, இந்தக் கட்டுரையில் தூரம் என்றால் மீ. மட்டும்தான்.)

கேபிளின் பெரிய கரண்டை மீட்டருக்கு ஏற்றபடி சுருக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு, அதாவது சி.டி.க்கு, நான்கு கொட்டேஷன்கள் மேசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 400/5 என்றால் கேபிளில் (பிரைமரி) 400 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்குப் போகும் கம்பியில் (செகண்டரி) 5 ஆம்பியர்; இதுதான் ரேஷியோ. கிளாஸ் என்பது துல்லியத் தரம், வி.ஏ. என்பது அந்தத் துல்லியத்தோடு செகண்டரி சுமக்கக்கூடிய சுமை. முதலாவது 400/5, கிளாஸ் 0.5, 15 வி.ஏ. இரண்டாவது 200/5, கிளாஸ் 0.5, 5 வி.ஏ. மூன்றாவது 200/5, கிளாஸ் 0.5எஸ், 5 வி.ஏ., தொடர்ந்து 150 சதவீதம் வரை தாங்கும் என்ற குறிப்போடு. நான்காவது ஸ்பிளிட் கோர்: 400/5, கிளாஸ் 1, 1.5 வி.ஏ.; சப்ளையை நிறுத்தாமல் கேபிளைச் சுற்றி மாட்டிவிடலாம்.

பெரும்பாலான இடங்களில் முதலாவதைத்தான் வாங்குவார்கள். பிரேக்கர் 400, சி.டி.யும் 400, வி.ஏ. அதிகம், அதனால் "கனமான" சாமான் என்று ஒரு நம்பிக்கை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் குறுக்கிட்டு, "லோடு 170தானே, 200/5 போடுங்கள், சின்ன கரண்டில் பெரிய சி.டி. தப்பாகக் காட்டும்" என்பார். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி என்பது கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

முதலில் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 200/5 வளைய சி.டி.யில் பிரைமரி என்பது துளை வழியாகப் போகும் கேபிள்தான், ஒரே சுற்று. செகண்டரியில் 40 சுற்று. பிரைமரியின் ஆம்பியர்-சுற்றும் செகண்டரியின் ஆம்பியர்-சுற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் முழுவதும் அடிபடாது. கோரை, அதாவது சுற்றுகளுக்கு உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தை, காந்தமாக்க ஒரு சிறு பங்கு போய்விடும். அதுதான் பிழை. தரகு மாதிரி. பேரம் பெரிதென்றால் தரகின் சதவீதம் குறையும், சிறிதென்றால் கூடும். சின்ன கரண்டில் கோரின் காந்த ஊடுதிறன் குறைவாக இருப்பதால், பிடித்துக்கொள்ளும் பங்கு விகிதத்தில் பெரிதாகிவிடுகிறது. தரகு இரண்டு விதமாகத் தெரியும். செகண்டரி கரண்ட் அளவில் கொஞ்சம் குறையும். இது ரேஷியோ பிழை. அதோடு அதன் அலை பிரைமரியை விடக் கொஞ்சம் முந்தும்; இது கோணப் பிழை. கோணத்தை டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான நிமிடக் கணக்கில் சொல்வார்கள்.

கிளாஸ் என்பது இந்த இரண்டு பிழைக்கும் போட்ட வேலி. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 61869-2 தரநிலையில் அந்த வேலி கரண்டைப் பொறுத்து இடம் மாறுகிறது. கீழே முதல் எண் ரேஷியோ பிழை சதவீதத்தில், இரண்டாவது கோணப் பிழை நிமிடத்தில். எல்லாமே கூட்டல் அல்லது கழித்தல்.

| கிளாஸ் | 1% கரண்டில் | 5% | 20% | 100% |
|---|---|---|---|---|
| 1 | எல்லை இல்லை | 3 / 180 | 1.5 / 90 | 1 / 60 |
| 0.5 | எல்லை இல்லை | 1.5 / 90 | 0.75 / 45 | 0.5 / 30 |
| 0.5எஸ் | 1.5 / 90 | 0.75 / 45 | 0.5 / 30 | 0.5 / 30 |
| 0.2எஸ் | 0.75 / 30 | 0.35 / 15 | 0.2 / 10 | 0.2 / 10 |

120 சதவீதம் வரை கடைசிப் பத்தியின் எண்ணே தொடரும். அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை, நீட்டித்த ரேட்டிங் எழுதியிருந்தால் தவிர.

"0.5" என்ற எழுத்தை மட்டும் பார்த்தால் எல்லாக் கரண்டிலும் அரை சதவீதம்தான் பிழை என்று தோன்றும். முழு கரண்டில்தான் அரை. இருபதில் முக்கால். ஐந்தில் ஒன்றரை. ஐந்துக்குக் கீழே தரநிலை வாயே திறப்பதில்லை. எஸ் என்ற ஒற்றை எழுத்து செய்வது என்னவென்றால், அந்த வேலியை இருபது சதவீதம் வரை நேராக இழுத்து, ஒரு சதவீதம் வரை நீட்டுவது. இதைச் சாதிக்க வேறு கோர் வேண்டும். சாதாரண சிலிக்கான் எஃகு போதாது, நிக்கல்-இரும்புக் கலவையோ நானோகிரிஸ்டலைன் நாடாவோ போடுவார்கள். விலை ஏறுவது அதனால்தான்.

சரி, நம் பகல் லோடான 100 ஆம்பியரை இந்த நான்கிலும் வைத்துப் பார்ப்போம். அதற்கு முன் கோணப் பிழையை யூனிட்டாக மாற்றத் தெரிய வேண்டும். சூத்திரம் சின்னது: கோணத்தை ரேடியனில் எடுத்து, லோடின் கோணத்துக்குரிய டேன் மதிப்பால் பெருக்க வேண்டும். ஒரு நிமிடம் என்பது 0.000291 ரேடியன். பவர் ஃபேக்டர் 0.8 என்றால் டேன் 0.75, 0.5 என்றால் 1.73. பவர் ஃபேக்டர் 1 என்றால் பூஜ்யம், கோணப் பிழை யூனிட்டைத் தொடவே தொடாது.

முதலாவது சி.டி.யில் 100 ஆம்பியர் என்பது 25 சதவீதம். வேலி அங்கே ஏறத்தாழ 0.73 சதவீதம், 44 நிமிடம். கோணத்தின் பங்கு 0.8 பவர் ஃபேக்டரில் 0.96 சதவீதம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் 1.7.

இரண்டாவதில் 50 சதவீதம். வேலி 0.66, 39 நிமிடம். மொத்தம் 1.5.

மூன்றாவதில் 0.5, 30 நிமிடம். மொத்தம் 1.15.

நான்காவதில் 1.47, 88 நிமிடம். மொத்தம் 3.4.

இப்போது முதல் இரண்டையும் பாருங்கள். ரேஷியோவைப் பாதியாகக் குறைத்ததில் கிடைத்த லாபம் 0.2 சதவீதம்தான். கிளாஸில் ஒரு எஸ் சேர்த்ததில் கிடைத்தது அதை விட அதிகம். இன்னும் சொல்லப்போனால் 400/5 என்ற பெரிய ரேஷியோவிலேயே 0.5எஸ் வாங்கியிருந்தாலும் பகலில் அதே 1.15தான் வந்திருக்கும், ஏனென்றால் 25 சதவீதத்திலும் அதன் வேலி நேராகத்தான் இருக்கிறது. "பெரிய சி.டி. தப்பு" என்ற வாதம் பாதி உண்மை என்று சொன்னது இதனால்தான். எஸ் இல்லாத கிளாஸுக்கு அது உண்மை. எஸ் இருந்தால் ரேஷியோவில் செய்த தவறைப் பெரும்பாலும் அது மன்னித்துவிடும்.

இங்கே இயற்பியலும் ஒரு குறும்பு செய்கிறது. ஒரே கோர், ஒரே கம்பி, ஒரே மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 சுற்று உள்ள 400/5 சி.டி.யின் கோரில் காந்தப் பாயம் 200/5-இல் இருப்பதைப் போல நாலில் ஒரு பங்குதான். செகண்டரி கரண்ட் பாதி, அதனால் மின்னழுத்தம் பாதி, அது இரட்டிப்புச் சுற்றில் பகிரப்படுகிறது. ஆக அதிகச் சுற்று என்பது பிழையைக் குறைக்கும் விஷயம். ஆனால் தயாரிப்பாளர் இரண்டுக்கும் ஒரே கோரைப் போட மாட்டார். எழுதிய கிளாஸை எட்டுகிற அளவுக்குத்தான் இரும்பு போடுவார். இதே காரணத்தால்தான் 50/5 மாதிரி சின்ன ரேஷியோவில், பத்தே சுற்று உள்ள வளைய சி.டி.யில், நல்ல கிளாஸும் தாராளமான வி.ஏ.வும் சேர்ந்து கிடைப்பது கடினம். யாராவது இரண்டையும் மலிவாகத் தருகிறேன் என்றால் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். லோடு சின்னதென்றால் கேபிளைத் துளைக்குள் இரண்டு தடவை விடுவது நல்ல வழி: 100/5 அப்போது 50/5 ஆகிவிடும், கோருக்கும் போதுமான ஆம்பியர்-சுற்று கிடைக்கும். எண்ண வேண்டியது துளைக்குள் எத்தனை முறை போகிறது என்பதை. வெளியே எத்தனை வளையம் தெரிகிறது என்பதை அல்ல.

ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். மேலே போட்ட 1.7, 1.5 எல்லாம் வேலியின் ஓரம். நிஜ சி.டி. பெரும்பாலும் வேலிக்கு வெகு உள்ளேதான் நிற்கும். அதோடு, சுற்றைக் குறைத்துப் பிழையை ஈடுகட்டாத சி.டி.யில் ரேஷியோ பிழை யூனிட்டைக் குறைக்கும், முந்தும் கோணம் மோட்டார் லோடில் யூனிட்டைக் கூட்டும். இரண்டும் ஓரளவு கழிந்துபோகும். ஆனால் அது அதிர்ஷ்டம். கொட்டேஷனை ஒப்பிடும்போது சப்ளையர் எதற்குப் பொறுப்பேற்கிறாரோ அதைத்தான் ஒப்பிட முடியும். வாங்கும்போது 5, 20, 100 சதவீதத்தில் எடுத்த அளவுகளோடு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கினால் அதிர்ஷ்டத்துக்கும் ஒரு எண் கிடைத்துவிடும்.

வட அமெரிக்க நேம் பிளேட் கையில் வந்தால் குழம்ப வேண்டாம். ஐட்ரிபிள்ஈ சி57.13 முறையில் 0.3 பி-0.5 என்று எழுதியிருந்தால் 0.3 என்பது முழு கரண்டில் எல்லை, பத்து சதவீத கரண்டில் அது 0.6, பி-0.5 என்பது அரை ஓம், அதாவது 5 ஆம்பியரில் 12.5 வி.ஏ. அந்த முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ரேஷியோவையும் கோணத்தையும் தனித்தனியாக வேலி போடாமல், 0.6 முதல் 1 வரையான பவர் ஃபேக்டரில் வாட் கணக்கில் மொத்தப் பிழை எவ்வளவு என்று சேர்த்தே கட்டுப்படுத்துகிறார்கள். மீட்டருக்கு வேண்டியது அதுதானே.

இரவு கரண்டுக்கு வருவோம். 6 ஆம்பியர் என்பது 400/5-இல் 1.5 சதவீதம், 200/5-இல் 3 சதவீதம். கிளாஸ் 0.5-க்கு இரண்டுமே வேலிக்கு வெளியே. மூன்றாவது சி.டி. மட்டும் அங்கே ரேஷியோவில் ஏறத்தாழ 1.1 சதவீதத்துக்குப் பொறுப்பேற்கிறது. இதைக் காட்டி எஸ் கிளாஸை விற்பவர்கள் உண்டு. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? பகலில் பத்து மணி நேரம் 100 ஆம்பியர், இரவில் பதினான்கு மணி நேரம் 6 ஆம்பியர். மொத்த உபயோகத்தில் இரவின் பங்கு 8 சதவீதத்தைத் தொடவில்லை. இரவில் பிழை 5 சதவீதமே என்று வைத்தாலும் மாதக் கணக்கில் அது 0.4 சதவீதம். எனவே யூனிட்டைப் பங்கு போடுவது மட்டும் நோக்கமென்றால் இரவுக்காக எஸ் வாங்குவது அவ்வளவு பெரிய காரணம் இல்லை. பகல் பவர் ஃபேக்டருக்காக வாங்கலாம். இரவில் எந்த இயந்திரம் சும்மா கரண்ட் குடிக்கிறது என்று துப்பறிவதற்காக மீட்டர் வைத்தால் கதை வேறு. அப்போது எஸ் இல்லாத சி.டி. கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது போல.

இதில் அடிக்கடி பார்க்கிற பொருத்தமின்மை ஒன்று. மீட்டரை 0.5எஸ் என்று கேட்டு வாங்குவார்கள், சி.டி.யை 0.5 என்று விட்டுவிடுவார்கள். 5 ஆம்பியர் மீட்டரில் 0.5எஸ் என்றால் 50 மில்லிஆம்பியரிலிருந்தே அது பொறுப்பேற்கிறது. சி.டி.யோ 250 மில்லிஆம்பியருக்குக் கீழே ஒன்றும் சொல்லாது. மீட்டருக்குக் கொடுத்த கூடுதல் காசு அந்த இடைவெளியில் காணாமல் போகிறது.

அடுத்தது பர்டன், அதாவது செகண்டரியில் கம்பியும் மீட்டரும் சேர்ந்து ஏற்றும் சுமை; வி.ஏ.வில் அளப்பது இதைத்தான். என் கணக்கில், உண்மையில் இந்தத் தேர்வைத் தீர்மானிப்பது இதுதான்.

2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு மீ.க்கு 7.41 மில்லிஓம். 25 மீ. தூரம் என்றால் போக வர 50 மீ.; 0.37 ஓம். 5 ஆம்பியரில் இது 25 மடங்காகி 9.3 வி.ஏ. மீட்டர் எடுத்துக்கொள்வது அதன் பக்கத்தில் தூசு, இன்றைய எலக்ட்ரானிக் மீட்டர்களில் ஒரு வி.ஏ.வுக்கும் கீழே. சுழலும் அலுமினியத் தட்டு இருந்த பழைய காலத்தில் மீட்டரே பல வி.ஏ. கேட்டது, 15 வி.ஏ. என்று எழுதும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். இப்போது பர்டன் என்றாலே கம்பிதான்.

ஆக 25 மீ. தள்ளி மீட்டர் வைத்தால் 5 வி.ஏ. சி.டி.யான இரண்டாவதும் மூன்றாவதும் அடிபட்டுப்போகின்றன. மேலே பெருமையாகச் சொன்ன 1.15 சதவீதமும் போய்விட்டது, ஏனென்றால் அந்த வேலி ரேட்டட் பர்டனுக்குள்தான் செல்லும். ஸ்பிளிட் கோரின் 1.5 வி.ஏ. பற்றிப் பேசவே வேண்டாம். முதலாவது மட்டும் தப்பிக்கிறது. கம்பியை 4 சதுர மி.மீ. ஆக்கினால் 5.8 வி.ஏ.; இன்னும் மிஞ்சுகிறது. 6 சதுர மி.மீ. போட்டால் 3.9-க்கு இறங்கும், ஆனால் அந்தத் தடிமனை மீட்டர் டெர்மினலுக்குள் நுழைப்பதை மாட்டுபவரிடம் சொல்லிப் பாருங்கள். (மூன்று சி.டி.க்கும் திரும்பும் கம்பியை ஒன்றாகச் சேர்த்து நான்கு கம்பியாகக் கொண்டுபோனால், சமமான லோடில் திரும்பும் கம்பியில் கரண்ட் ஏறத்தாழ இல்லாமல் போகும். கம்பியின் பர்டன் பாதியாகும். லோடு சமமில்லாதபோது அந்தச் சலுகை சுருங்கும்.)

இங்கேதான் ஐந்தாவது கொட்டேஷன் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும்: 200/1. செகண்டரி 1 ஆம்பியர் என்றால் அதே 0.37 ஓம் கம்பியில் போவது 0.37 வி.ஏ.தான். இருபத்தைந்தில் ஒரு பங்கு. தூரம் நீளும் இடங்களில், பெரிய துணைமின் நிலையங்களில், 1 ஆம்பியர் வழக்கமாக இருப்பது இதனால்தான். இன்னொரு நன்மையும் உண்டு. தயாரிப்பாளர் ரேஷியோ பிழையை ஈடுகட்ட ஒரு சுற்றைக் குறைப்பார். 200/5-இல் இருக்கும் 40 சுற்றில் ஒன்று என்றால் 2.5 சதவீதம், ரொம்ப முரட்டு அளவு. 200/1-இல் 200 சுற்றில் ஒன்று அரை சதவீதம்தான். நஷ்டம்: சுற்று அதிகம், செகண்டரியின் உள்மின்தடை கூடும், மீட்டரும் 1 ஆம்பியர் மீட்டராக இருக்க வேண்டும். 5 ஆம்பியர் மீட்டரை அதில் கோத்துவிட்டு யூனிட் ஏறவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு.

சரி, மீட்டரைப் பேனல் கதவிலேயே மாட்டிவிட்டால்? கம்பி 3 மீ., போக வர 6 மீ. அது 1.1 வி.ஏ. மீட்டரும் டெர்மினல்களும் சேர்த்து 1.4 என்று கொள்ளலாம். இப்போது தராசு தலைகீழாகத் திரும்புகிறது. கிளாஸின் உத்தரவாதம் ரேட்டட் பர்டனில் 25 முதல் 100 சதவீதம் வரைதான் செல்லும். 15 வி.ஏ. சி.டி.க்கு அந்தக் கீழ் எல்லை 3.75. நம் 1.4 அதற்கு வெளியே. கூடுதல் வி.ஏ. கையிருப்பு மாதிரி என்று நினைத்து வாங்கியவர் தன் கிளாஸைத் தானே ரத்து செய்துகொண்டார். சுற்றைக் குறைத்து ஈடுகட்டிய சி.டி.யில் பர்டன் குறைந்தால் பிழை கூட்டல் பக்கம் ஓடும். 5 வி.ஏ. சி.டி.க்குக் கீழ் எல்லை 1.25, 1.4 உள்ளே வந்துவிடுகிறது. சில தயாரிப்பாளர்கள் ஒரு வி.ஏ.விலிருந்தே உத்தரவாதம் தரும் விரிவான பர்டன் எல்லையை எழுதித் தருவார்கள்; அப்படி எழுதியிருந்தால் இந்தக் கவலை இல்லை.

அளவுக்கு மீறிய வி.ஏ.வுக்கு இன்னொரு தண்டனை உண்டு. மீட்டர் சி.டி.யில் எஃப்.எஸ். (பாதுகாப்புக் காரணி) 5 என்று எழுதியிருந்தால், ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் ஐந்து மடங்குக்குள் கோர் நிரம்பிவிடும், மீட்டர் பிழைக்கும் என்று பொருள். ஆனால் அது ரேட்டட் பர்டனில் சொன்ன எண். பர்டன் குறைந்தால் இது ஏறும். 15 வி.ஏ. சி.டி.யின் உள்மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள், அது 2.5 வி.ஏ. ஐந்தை, 17.5-ஐ (15 + 2.5) 3.9-ஆல் (1.4 + 2.5) வகுத்து வரும் எண்ணால் பெருக்கினால் 22. அதாவது மீட்டருக்குள் 112 ஆம்பியர் வரை நுழைய வழி இருக்கிறது. சி.டி. மீட்டர்கள் அதிகபட்ச கரண்டின் 20 மடங்கை அரை விநாடி தாங்க வேண்டும் என்பது ஐ.இ.சி. விதி, 6 ஆம்பியர் மீட்டருக்கு அது 120. விளிம்பில் நடப்பது. அதே இடத்தில் 5 வி.ஏ. சி.டி., உள்மின்தடை 0.08 ஓம் என்றால், 10 மடங்கோடு நின்றுவிடும்.

இதனால்தான் ரிலேவுக்கு (கோளாறில் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிக்கு) வைத்த 5பி10 சி.டி.யில் மீட்டரைக் கோத்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அது பத்து மடங்கு வரை நிரம்பாமல் இருக்கவே செய்யப்பட்டது. முழு கரண்டில் 1 சதவீதம், 60 நிமிடம் என்பதோடு சரி; 5-லும் 20-லும் என்ன என்று அதன் கிளாஸ் எதுவும் சொல்வதில்லை.

நான்காவது கொட்டேஷனுக்குப் பெரிதாகச் செலவிட ஒன்றும் இல்லை. ஸ்பிளிட் கோரின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் காந்தமாக்கும் கரண்ட் பல மடங்கு கூடும். முதலில் கெடுவது கோணம். முகத்தில் தூசு ஒட்டினால் இன்னும் கெடும். சப்ளையை நிறுத்தவே முடியாத இடத்தில், ஒரு மாதம் லோடு எப்படிப் போகிறது என்று பார்க்க, கேபிளைப் பிடித்து மாட்டலாம். அந்த வேலைக்கு அருமையான சாமான். யாரிடமாவது பணம் கேட்கும் கணக்குக்கு வேண்டாம். ரோகோவ்ஸ்கி வளையமும் இதே வகை வேலைக்குத்தான்: கோரே இல்லை, நிரம்பவும் நிரம்பாது. ஆனால் கேபிள் வளையத்துக்குள் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும், வெளிவருவது மில்லிவோல்ட். 5 ஆம்பியர் மீட்டரோடு நேரடியாகச் சேராது.

ஆக இந்தப் பேனலுக்கு நான் எடுப்பது மூன்றாவது, ஒரு நிபந்தனையோடு: மீட்டர் பேனல் கதவில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் யூனிட் தெரிய வேண்டுமென்றால் மீட்டரின் ஆர்.எஸ்.485 போர்ட்டிலிருந்து இரண்டு கம்பி டேட்டா கேபிள் இழுத்துக்கொள்ளட்டும். 25 மீ. தூரம் கரண்டைக் கொண்டுபோவதை விட எண்ணைக் கொண்டுபோவது எளிது, எண்ணுக்குப் பர்டன் கிடையாது. அலுவலகச் சுவரில்தான் மீட்டர் என்று பிடிவாதம் பிடித்தால், 200/1, 0.5எஸ், 1 அல்லது 1.5 வி.ஏ. என்று புதுக் கொட்டேஷன் கேட்பேன். கம்பியும் மீட்டரும் சேர்ந்து அரை வி.ஏ.வைச் சுற்றி நிற்கும். அதிலும் 15 வி.ஏ. கேட்டுவிடாதீர்கள்.

லோடு பின்னால் ஏறினால்? மூன்றாவது சி.டி. 150 சதவீதம் வரை, அதாவது 300 ஆம்பியர் வரை, கிளாஸுக்குள் நிற்கும். அப்போது செகண்டரியில் 7.5 ஆம்பியர் வரும். மீட்டரின் அதிகபட்சம் 6 என்றால் அதுதான் முதலில் தடுமாறும். 5(10), அதாவது அதிகபட்சம் 10 ஆம்பியர், என்று எழுதிய மீட்டரைப் பாருங்கள். லோடு 400-ஐத் தொடும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் 400/5, 0.5எஸ், 5 வி.ஏ. வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரட்டை ரேஷியோ, 400-200/5 என்று டேப் (சுற்றின் நடுவே எடுத்த முனை) வைத்ததும் கிடைக்கும். அதில் கிளாஸும் வி.ஏ.வும் எந்த டேப்புக்கு எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும், பெரும்பாலும் சின்ன டேப்பில் வி.ஏ. குறைவு. பயன்படுத்தாத டெர்மினலைத் திறந்தபடியே விட வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து அதை ஷார்ட் செய்தால் அளவு கெட்டுவிடும்.

செகண்டரி முழுவதுமே திறந்து கிடப்பது நேர் எதிரான விஷயம். மீட்டரைக் கழற்றும்போது லோடு ஓடிக்கொண்டிருந்தால், பிரைமரி கரண்ட் மொத்தமும் கோரைக் காந்தமாக்கப் போய்விடும். டெர்மினலில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும். உயிர் தப்பினாலும் கோரில் தங்கிவிடும் காந்தம் பிழையை மாற்றிவிடும். ஷார்ட்டிங் லிங்க் உள்ள டெர்மினல் பிளாக்கைக் கொட்டேஷனிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

மாட்டிய அன்று இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுவேன். ஒன்று, சி.டி.யில் பி1 என்று குறித்த முகம் எல்லாமே சப்ளை பக்கம் பார்க்கிறதா. மூன்றில் ஒன்று திரும்பியிருந்தால், சமமான லோடில் மொத்த யூனிட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மீட்டர் நன்றாகத்தான் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. மற்றொன்று பெருக்குத் தொகை, அதாவது மீட்டர் காட்டுவதை உண்மை யூனிட்டாக்கப் பெருக்கும் எண். ஒரு இடத்தில் 400/5-ஐக் கழற்றி, மேலே சொன்ன எல்லாக் கணக்கும் போட்டு, அழகாக 200/5 மாட்டினேன். கணினியில் இருந்த 80-ஐ 40 ஆக்க மறந்துவிட்டேன். அரை சதவீதத்துக்காக மல்லாடிய மனிதன் ஒரு மாதம் முழுக்க நூறு சதவீதம் கூடுதலாகக் கணக்குக் காட்டினேன். கண்டுபிடித்தது நான் இல்லை, பில்லைப் பார்த்த கணக்காளர்.